பக்கத்து வீட்டில் லவினா

கூடலேந்தல்,
திருச்சுழி வழி.
3 பிப்ரவரி 2024

யுவராணிக்கு,

கவரின் பின்பக்கம் பிச்சையம்மாள் என்ற பெயரைப் பார்த்துவிட்டு யாரென்று யோசித்திருப்பாய். அவர் எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர். எழுதுவது நான்தான், உன் அக்கா முத்துலட்சுமி.

உன் மச்சான் கருமாதியன்று என்னையும் பிள்ளை ப்ரியாவையும் கூட்டிப்போக வந்தாய். மாமியார் வீட்டை விட்டு நான் வரமாட்டேன் என்றேன். "அப்ப இனிமே எனக்கு அக்கா கிடையாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். ஒன்றரை வருஷம் ஆயிற்று. அம்மா அப்பா இல்லாத வீட்டில் நாம் இரண்டு பேர்தான். அதையும் இரண்டாக உடைத்துக்கொண்டோம்.

போன் பண்ணலாமே என்பாய். போன் அத்தையின் இடுப்பில் இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டுவார்கள். லேப்டாப் ஆபீஸுடையது. முன்னறையில், மாமா படுத்திருக்கும் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. அதில் நான் என்ன அடித்தாலும் கொழுந்தன் காளீஸ்வரன் ஒரு நடை வந்து எட்டிப் பார்ப்பான். அதனால்தான் பேனா. அங்கன்வாடிக்குப் போய் ப்ரியாவின் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலை என்ன என்று சொல்கிறேன். சென்னையில் ஒரு கம்பெனி. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தங்கள் பூட்டன் பூட்டி யார், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவேண்டுமாம். அந்தக் காலத்து ஜனத்தொகைக் கணக்கு, சர்ச் பதிவு, கோர்ட் காகிதம் எல்லாம் படமாக வரும். அந்தக் கிறுக்கல் எழுத்தைப் படித்து வம்சத்தைக் கோத்துக் கொடுக்கவேண்டும். அருப்புக்கோட்டையில் படித்த பி.ஏ. இங்கிலீஷ் இதற்கு உதவுகிறது. சம்பளம் வருவதால் வீட்டில் விட்டுவைத்திருக்கிறார்கள்.

இப்போது கையில் இருப்பது லவினா என்ற ஒருத்தியின் கதை. நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் ஒஹாயோ மாநிலத்திலிருந்து மாட்டு வண்டியில் மேற்கே போய், அயோவாவில் புல்வெளியை உழுது குடியேறியவள். அவள் வம்சத்தில் டாரதி என்று ஒரு வயதான அம்மா கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் ஒரு பேச்சு வழிவழியாக உண்டாம். லவினாவுக்குப் புருஷன் செத்ததும் பெற்ற மகள் எலனை மாமனார் வீட்டில் போட்டுவிட்டு நிலம் தேடிப் போய்விட்டாள், கல் நெஞ்சுக்காரி என்று. அது நிஜமா என்று டாரதிக்குத் தெரியவேண்டும்.

எனக்கும் தெரியவேண்டும்.

பதில் போடுவாயா? பிச்சையம்மாள் பெயருக்கு, அங்கன்வாடி விலாசத்துக்குப் போடு.

முத்துலட்சுமி


சென்னை
14 பிப்ரவரி 2024

அக்கா,

கடிதம் கிடைத்தது. நர்ஸ் ஹாஸ்டலில் வார்டன் கூப்பிட்டுக் கொடுத்தபோது யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இந்தக் காலத்தில் வேறு எதற்குக் கடிதம் வரும்?

ஒன்றரை வருஷமாக நான் போன் பண்ணவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் உன் மாமியார் எடுத்து "அவ தூங்குறா" என்றார். ராத்திரியும் தூங்குகிறாய், மத்தியானமும் தூங்குகிறாய். நீயே பேச விரும்பவில்லை என்று விட்டுவிட்டேன். அது உனக்குத் தெரியாது என்பது இப்போதுதான் புரிகிறது.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் வெள்ளைக்காரிக்கு ஒரு பக்கம். உனக்கு நாலு வரி. அடிக்கிறார்களா? சாப்பாடு போடுகிறார்களா? ப்ரியா எப்படி இருக்கிறாள்? ரெண்டாம் வகுப்புதானே? இதற்கெல்லாம் பதில் சொல்லு முதலில். செத்துப்போன லவினா காத்திருப்பாள்.

யுவராணி


கூடலேந்தல்
9 மார்ச் 2024

யுவராணி,

"அவ தூங்குறா" என்று வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

யாரும் அடிப்பதில்லை. அடித்தால் உனக்குச் சொல்வது சுலபமாக இருக்கும். இவுகளும் கெட்டவர்கள் இல்லை. மூத்த பிள்ளை கரி லோடு ஏற்றிப் போன இடத்தில் லாரி கவிழ்ந்து செத்தால், பெற்றவர்கள் என்ன ஆவார்கள்? அவுக சட்டையை அத்தை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறார். ப்ரியாவுக்கு அவுகளுடைய மூக்கு, அவுகளுடைய நடை. பிள்ளை கண்ணைவிட்டு மறைந்தால் மாமா கட்டிலிலிருந்து எழுந்து தெருவுக்கு வந்துவிடுகிறார். அவள் தாத்தா மடியில்தான் சாப்பிடுகிறாள், தாத்தா பக்கத்தில்தான் தூங்குகிறாள். என்னிடம் தலை பின்னிக்கொள்ள வருகிறாள்.

நான் தண்ணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகலாம். மற்றபடி வாசல்தான் எல்லை. வெளியே பார்த்தால் சீமைக்கருவேலம், அதற்கப்பால் கரிமூட்டத்துப் புகை. மழை பெய்தே வெகுநாளாயிற்று, காற்றுகூட இங்கே வந்து நின்றுவிடுகிறது.

போன வாரம் ஒன்று நடந்தது. சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை மாமாவைப் பார்த்துச் சொன்னார். "வெளிய எவனுக்கோ போறதுக்கு வீட்டுக்குள்ளயே இருந்துட்டுப் போகட்டும். காளீசுக்கும் வயசாகுது. பிள்ளைக்கும் ஒரு அப்பன் வேணும்ல."

மாமா தட்டைப் பார்த்தபடி, "ஆவணில வச்சுக்கிருவோம்" என்றார்.

என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காளீஸ்வரனை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன். "எனக்கு இஷ்டமில்ல அத்தை" என்றேன்.

"இஷ்டமில்லன்னா போ. யாரு பிடிச்சு வச்சிருக்கா? எங்க பிள்ளையோட பிள்ளைய விட்டுட்டுப் போ" என்றார் அத்தை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரசம் ஊற்றச் சொல்வதுபோலச் சொன்னார்.

லவினா காத்திருக்கட்டும் என்று எழுதினாய். அவள் கதையில் நான் இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். புருஷன் காலராவில் போனதும் கோர்ட் அவள் மகளுக்குக் காப்பாளராக மாமனாரை நியமித்திருக்கிறது. பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே. அவள் போட்டுவிட்டுப் போகவில்லை யுவராணி, பிடுங்கியிருக்கிறார்கள். அதன்பிறகு அவள் தன் அண்ணனோடு அயோவா போகிறாள், நிலம் வாங்குகிறாள். அடுத்த கணக்கெடுப்பில் அயோவாவில் அவளைக் காணோம். நிலம் இருக்கிறது, அண்ணன் இருக்கிறான், அவள் மட்டும் இல்லை. எங்கே போனாள் என்று தேடுகிறேன்.

மு.


சென்னை
21 மார்ச் 2024

அக்கா,

எங்கள் வார்டில் ஒரு வக்கீலம்மாவுக்கு ஆபரேஷன். டிரிப் மாற்றும்போது உன் கதையைச் சொன்னேன். அவர் படுத்தபடியே சொன்னார்: அப்பா இறந்துவிட்டால் பிள்ளைக்கு அம்மாதான் சட்டப்படி காப்பாளர். தாத்தா கிடையாது, சித்தப்பா கிடையாது. நீ ப்ரியா கையைப் பிடித்துக்கொண்டு பகலில், எல்லோரும் பார்க்க வெளியே நடக்கலாம். தடுத்தால் அவர்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

லவினா மகளுக்கு அந்தக் கோர்ட் மாமனாரைக் காப்பாளராகக் கொடுத்தது. உன் மகளுக்கு இந்தச் சட்டம் உன்னைத்தான் கொடுத்திருக்கிறது. பிறகு ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?

லீவு போட்டிருக்கிறேன். ஏப்ரல் முதல் சனிக்கிழமை வாரேன். பையை எடுத்து வை.

யுவராணி


கூடலேந்தல்
17 ஏப்ரல் 2024

யுவராணி,

நீ திரும்பி பஸ் ஏறும்போது உன் செருப்பு ஒன்று வாசலிலேயே கிடந்தது. அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ பேசியதெல்லாம் நியாயம்தான். ஆனால் தெருவில் நின்று "போலீஸக் கூட்டிட்டு வருவேன்" என்று சத்தம் போட்டிருக்கவேண்டாம். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ப்ரியா கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். சித்தி தன் தாத்தாவைப் பிடித்துக்கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். நான் பையை எடுத்து வைத்திருந்தேன், அது உண்மை. கட்டிலுக்கு அடியிலிருந்து அவளை இழுக்க என்னால் முடியவில்லை. அதுவும் உண்மை.

இப்போது வாசல் கேட்டுக்குப் பூட்டு. சாவி மாமாவின் அரைஞாணில். ப்ரியாவைப் பள்ளிக்கூடத்துக்குக் காளீஸ்வரன் கொண்டுபோய் விடுகிறான். பிச்சையம்மாள் தண்ணிக்குழாயில் பார்த்து, "எனக்கும் இந்த ஊர்ல பொழப்பு ஓடணும் தாயி, கொஞ்ச நாளைக்கு வேணாம்" என்றார். கெஞ்சி இதைக் கொடுக்கிறேன்.

காளீஸ்வரனும் இந்தக் கல்யாணத்துக்கு ஆசைப்படுகிறான் என்று நீ சொன்னது தப்பு. நீ போன அன்று அவன் சாப்பிடாமல், தான் ஓட்டும் லோடு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மதினி, எனக்கும் இதுல இஷ்டமில்ல" என்றான். "காரியாபட்டில ஒரு பிள்ளை இருக்கு. சந்தையில கடை வச்சிருக்காக. ரெண்டு வருஷமாச் சொல்லலாம்னு பாக்கேன். அண்ணன் செத்த வீட்டுல எப்படிச் சொல்ல?"

"சொல்லிரு தம்பி."

"அம்மா அழுகும் மதினி. அது அழுதா எனக்கு வாய் வராது."

இந்த வீட்டில் பூட்டப்பட்டது நான் மட்டும் இல்லை என்று தோன்றியது. ஆனால் அவனுக்கு வண்டிச் சாவியாவது இருக்கிறது.

லவினா கிடைத்துவிட்டாள். அயோவாவில் தேடிக்கொண்டிருந்தேன். அவள் ஒஹாயோவுக்கே திரும்பியிருக்கிறாள். கணக்கெடுப்புக்காரன் வீடு வீடாக எழுதிக்கொண்டு போகிறான் அல்லவா, மாமனார் வீட்டுக்கு முந்தின வீட்டில், வேறு குடும்பத்துக்குக் கீழே கடைசி வரியில் அவள் பெயர். வேலைக்காரி என்று எழுதியிருக்கிறது. சொந்த நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்து, மகள் இருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்த்திருக்கிறாள். மகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக.

அதைப் படித்தபோது மாமா எதிரே படுத்திருந்தார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த ஊர்ச் சட்டத்தில் பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆனால் தன் காப்பாளரைத் தானே நீதிபதி முன்னால் தேர்ந்துகொள்ளலாம். லவினா அதற்குத்தான் காத்திருந்திருக்கவேண்டும். அவளால் முடிந்தது என்றால் என்னாலும் முடியும். ப்ரியா வளரட்டும். அதுவரை இங்கேயே இருந்துவிடுகிறேன். ஆவணிக் கல்யாணத்தை மட்டும் எப்படியாவது தள்ளிவிட்டால் போதும்.

மு.


சென்னை
2 மே 2024

அக்கா,

தெருவில் சத்தம் போட்டது தப்பு. ப்ரியா கட்டிலுக்கு அடியில் போனதை நான் பார்க்கவில்லை. நீ எழுதித்தான் தெரியும். அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை.

ஆனால் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். லவினாவைப் பார்த்து நீ தைரியம் அடைவாய் என்று நினைத்தேன். நீ அவளைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாய். அவளுக்குச் சட்டம் கதவைச் சாத்தியது, அதனால் பக்கத்து வீட்டில் நின்றாள். உன் கதவில் இருப்பது ஒரு கிழவர் இடுப்புச் சாவி.

உன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்ததால் ஒன்று சொல்கிறேன். "பிள்ளையையே கேட்போம்" என்று ஆரம்பித்துவிடாதே. குழந்தைகள் வார்டில் தினமும் பார்க்கிறேன். அம்மா வேண்டுமா அப்பா வேண்டுமா என்று கேட்டால் பிள்ளைகள் யார் அதிகமாக அழுகிறார்களோ அவர்களைச் சொல்லும். அது பதில் இல்லை. அவளிடம் கேட்காதே.

யுவராணி


கூடலேந்தல்
26 மே 2024

யுவராணி,

உன் கடிதம் பிச்சையம்மாளிடமே தங்கிவிட்டது. எனக்கு நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை அத்தை பூவும் சேலையும் எடுப்பது பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் மாமா கட்டில் அருகில் போய் நின்றேன். "மாமா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். நானும் ப்ரியாவும் அருப்புக்கோட்டையில வீடு பாத்து இருந்துக்கிறோம். நீங்க எப்ப வேணாலும் வந்து பாக்கலாம்" என்றேன். இவ்வளவு நீளமாக அவர் முன்னால் நான் பேசியதே இல்லை.

மாமா எழுந்து உட்கார்ந்தார். "பிள்ளை வராது" என்றார்.

"அப்ப பிள்ளைட்டயே கேப்போம்."

என் வாயிலிருந்துதான் வந்தது. மனசில் அந்த ஒஹாயோ நீதிபதி உட்கார்ந்திருந்தார். ப்ரியாவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினோம். அத்தை அழ ஆரம்பித்தார். மாமா அழவில்லை. கையை மட்டும் நீட்டி வைத்திருந்தார். ப்ரியா என்னைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள்.

"நான் தாத்தாகூட இருக்கேன்மா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீயும் இங்கயே இரு" என்றாள்.

யாரும் ஜெயித்ததுபோல நடந்துகொள்ளவில்லை. அத்தை எனக்குக் காப்பிகூடப் போட்டுக் கொடுத்தார். அதுதான் தாங்கமுடியவில்லை.

 மறுநாள் கம்பெனியிலிருந்து நான் கேட்டிருந்த கோர்ட் பக்கம் படமாக வந்தது. எலனுக்குப் பன்னிரண்டு வயதானதும் நீதிபதி முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். யாரைத் தேர்ந்துகொள்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். எலன் தாத்தாவைச் சொல்லியிருக்கிறாள்.

லவினா அந்த அறையில் எங்கே நின்றிருப்பாள் என்று யோசித்தேன். அதன்பிறகும் அவள் பக்கத்து வீட்டை விட்டுப் போகவில்லை. கிழவர் செத்த பிறகுதான் மகள் அவளோடு அயோவாவுக்கு வண்டி ஏறியிருக்கிறாள். அப்போது எலன் பெரிய பெண். அம்மா என்னைப் போட்டுவிட்டுப் போனாள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தது யார் தெரியுமா? அந்த எலன்தான். பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் தனக்காகத்தான் அங்கே நின்றாள் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை, அல்லது தெரிந்தும் போதவில்லை.

நான் அப்படி நிற்கமாட்டேன். ப்ரியாவின் பதிலை அவள் தலையில் கட்டவும் மாட்டேன். அவளைக் கூட்டிப்போவது என் முடிவு. அவள் கோபப்படுவதென்றால் என்மேல் கோபப்படட்டும். நான் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பேன்.

பிச்சையம்மாள் அருப்புக்கோட்டையில் தன் தங்கை வீட்டுப் பக்கம் ஒரு அறை பேசியிருக்கிறார். பயந்தவர்தான், ஆனாலும் பேசியிருக்கிறார். காளீஸ்வரனிடம் சொன்னேன். வெகுநேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். "புதன்கிழமை அருப்புக்கோட்டைக்குத்தான் லோடு. மதினி, பகல்லயே போவோம். அய்யாட்ட நானே சாவி கேக்கேன்" என்றான்.

கேட்பானா என்று தெரியாது. கேட்காவிட்டால் நான் கேட்பேன்.

மு.


சென்னை
5 ஜூன் 2024

அக்கா,

போன புதன்கிழமை முழுக்க அந்த வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டேன். கடைசியில் உன் மாமியார் எடுத்தார். "அவ தூங்குறா" என்று சொல்லவில்லை. "போயிட்டா" என்றார், பிறகு அழுதார், போனை வைக்கவும் இல்லை. நானும் வைக்கவில்லை. அவர் அழுகையைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அவர்மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அருப்புக்கோட்டையில் எந்தத் தெருவில் இருக்கிறாய்? பிச்சையம்மாள் விலாசத்துக்கே போடுகிறேன். அவர் உன்னிடம் சேர்த்துவிடுவார். ப்ரியா சாப்பிடுகிறாளா?

யுவராணி


அருப்புக்கோட்டை
30 ஜூன் 2024

யுவராணி,

புது நம்பரிலிருந்து உன்னிடம் நாலு தடவை பேசிவிட்டேன். நாலு தடவையும் ஒன்றும் சொல்லாமல் அழுதேன். எழுதினால்தான் வரும் போலிருக்கிறது.

காளீஸ்வரன் சாவி கேட்டான். மாமா தரவில்லை. "அண்ணன் பொண்டாட்டிய நானே ஏத்திக் கொண்டுபோய் விடுறேன்யா. நான் காரியாபட்டிப் பிள்ளையத்தான் கட்டுவேன். ரெண்டையும் சேத்துக் கேட்டுக்க" என்றான். அத்தை அழுதார். இந்தத் தடவை அவனுக்கு வாய் வந்தது. மாமா சாவியை அவிழ்த்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ப்ரியாவை நான்தான் தூக்கினேன். அவள் என் தோளில் அடித்துக்கொண்டே வந்தாள். திருச்சுழி தாண்டியும் அடித்தாள், பந்தல்குடி தாண்டியும் அடித்தாள், அப்புறம் தூங்கிப்போனாள்.

அறை சின்னது. பக்கத்தில் பவர்லூம். ஒரு சுவர் பகலெல்லாம் அதிரும். வீட்டுக்கார அம்மா வெங்கடம்மாள் வீட்டுக்குள் தெலுங்கில் பேசுவார், ப்ரியாவிடம் தமிழில் பேசுவார். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். முதல் பத்து நாள் அவள் என்னிடம் பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள். தலை பின்ன வரமாட்டாள், வெங்கடம்மாளிடம் போவாள். அங்கே பூட்டு வாசலில் இருந்தது, இங்கே அவள் வாயில் இருந்தது. நான் வெளியே வந்துவிட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

லவினா வேலையை முடித்து அனுப்பிவிட்டேன். எலன் சொன்னது பொய் என்று எழுதவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று எழுதினேன். டாரதி அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அவர் தன் மகளோடு பேசியே வெகுகாலம் ஆயிற்றாம், இன்று போன் பண்ணப்போகிறேன் என்று ஒரு வரி. பண்ணினாரா என்று தெரியாது.

நேற்று மாமா வந்தார்.

காலையில் கதவைத் திறந்தால் தெருவில் நிற்கிறார். காளீஸ்வரன் வண்டியில் இல்லை, தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் ஒரு பை, நுங்கும் ப்ரியாவின் பழைய பாவாடையும்.

"உள்ள வாங்க மாமா" என்றேன்.

"வேண்டாம்த்தா. உள்ள வந்தா அவளத் தூக்கிட்டுப் போகத் தோணும்" என்றார்.

 எனக்குப் பயமாக இருந்தது. கதவை மூடவேண்டும் என்று கை துடித்தது. மூடவில்லை. அதற்குள் ப்ரியா தாத்தா குரலைக் கேட்டுப் பாய்ந்து வெளியே ஓடினாள். வாசற்படியில் அவர் மடியில் உட்கார்ந்தாள். அவர் நுங்குத் தோலை உரித்து உரித்துக் கொடுத்தார், அவள் தின்றாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை பெயர் ஸ்ருதி என்று சொன்னாள். தறி ஓடும்போது சுவரில் காதை வைத்தால் ரயில் போலக் கேட்கும் என்று சொன்னாள். இதெல்லாம் என்னிடம் சொல்லாதவை. நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியதும் மாமா எழுந்தார். "தாத்தா பஸ்ஸுக்குப் போறேன்" என்றார். ப்ரியாவும் எழுந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெரு முனைவரை போனாள். நான் படியில் நின்றேன். கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முனையில் அவர் குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் கையை விட்டார். அவள் அங்கேயே நின்று அவர் போவதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வெயிலில் கால் சுட்டதோ என்னவோ, துள்ளித் துள்ளி ஓடிவந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போய்ச் சீப்பை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த சனிக்கிழமையும் வருவாராம். இறுக்கிப் பின்னும்மா, நேத்து அவிழ்ந்துருச்சு" என்றாள்.

முத்துலட்சுமி